அச்சாணிக்கு முதல் பணம்



சென்ற இதழில் பள்ளிப் பிள்ளைகளின் செலவைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியதும் வீட்டுக்குள் நுழையும் ஒரு செலவைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன். அதுதான் 'போர் வீல்' வண்டியை வாங்கி, அதை மாற்றியமைக்கும் செலவு. "டீச்சருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் சிரிப்பது என் காதில் விழுகிறது. என் அப்பா தோட்டத்து லேண்ட் ரோவரை இருபது ஆண்டுகள் ஓட்டியவர். அவர் சாவியைத் திருப்புவதற்கு முன் குனிந்து வண்டிக்கடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். கிளம்பியதும் பத்தடியில் ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

கூலிம் ஹைடெக் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. அதன்பிறகு கூலிம், லூனாஸ், பாடாங் செராய், காராங்கான் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் பலர் பால்வாளியையும் செம்பனைக் கத்தியையும் தொடாமல், சீருடை அணிந்து ஆலைக்குப் போகிறார்கள். மகிழ்ச்சியான மாற்றம்தான். கையில் நாலு காசு சேர்ந்ததும் பழைய ஹைலக்ஸ் ஒன்றை வாங்குகிறார்கள். வாங்கிய மறுவாரமே டயரைப் பெரிதாக்கு, வண்டியைத் தூக்கு, முன்னால் இரும்பைப் பூட்டு, மேலே விளக்கை வரிசையாக வை என்று ஆசை கிளம்பிவிடுகிறது.

இந்த ஆசையை நான் பழிக்கவில்லை. மழை பெய்தால் நம் செம்மண் சாலைகளின் கதி நமக்குத் தெரியாதா? சுங்கை செடிம் பக்கம் டுரியான் தோப்புக்குப் போகிறவருக்குச் சாதாரண வண்டி உதவாது. 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங் வட்டாரத்தில் மலைவெள்ளம் மூன்று உயிர்களைக் கொண்டு போனதே, அதுபோன்ற நாளில் சேற்றைக் கடந்து உதவிக்குப் போக நல்ல வண்டி வேண்டும்தான். பணம் எந்த வரிசையில் செலவாகிறது என்பதே என் கவலை.

என்னிடம் படித்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஹைடெக்கில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் வேலை. பழைய வண்டி ஒன்றை வாங்கினான். அதை மாற்றியமைக்க ஒன்பதாயிரம் வெள்ளி செலவழித்தான். அதில் மூவாயிரம், இன்னும் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அவன் தாயார் கூட்டுப் போட்டு எடுத்த பணம். பெரிய டயர், புது ரிம், மூன்று அங்குலம் தூக்கிய சஸ்பென்ஷன், இரும்பு பம்பர், விளக்கு வரிசை. தீபாவளித் தேர் போல் இருந்தது வண்டி.

வண்டியைத் தூக்கினால் சக்கரத்துக்கும் உடம்புக்கும் இடைவெளி கூடும். அங்கே போகும் பிரேக் ரப்பர்க் குழாய் பழைய நீளத்திலேயே இருந்தால் விண்ணென்று இழுபடும். அதற்கு நீளமான குழாய் மாற்ற வேண்டும். பட்டறையில், "இது தாங்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்களாம். கையிலிருந்த பணமும் அதற்குள் விளக்குக்குப் போய்விட்டது.

ஒரு மழை நாளில் தாயாரையும் அக்காள் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துச் சரிவில் இறங்கினான். பாதிச் சரிவில் முன்சக்கரக் குழாய் வெடித்தது. பெடல் தரை வரை இறங்கியது. பையன் கெட்டிக்காரன். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை மண்மேட்டில் உரசி நிறுத்தினான். யாருக்கும் காயமில்லை. இன்னும் இருபதடி போயிருந்தால் ஆறு.

மறுநாள் நான் பார்க்கப் போனேன். அந்தத் தாயார், "டீச்சர், பம்பருக்கு ஒரு கீறல்கூட இல்லையாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. நல்ல குழாய்கள் மாற்றப் பின்னர் ஆன செலவு நானூறு வெள்ளிக்குள்தான்.

தரமும் வேண்டும், பணமும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் என்ன வழி? லேண்ட் ரோவர் பிறந்த கதையிலேயே விடை இருக்கிறது. போர் முடிந்த இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குப் பஞ்சம். 1948-இல் முதல் லேண்ட் ரோவரைச் செய்தவர்கள் வெளியுடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். கதவு, கூரை, இருக்கை எல்லாம் எளிமையோ எளிமை. ஆனால் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில் கை வைக்கவில்லை. கிடைத்த இரும்பைப் பெட்டிபோல் பற்றவைத்து, கெட்டியாகச் செய்தார்கள். கண்ணுக்குத் தெரிவதில் சிக்கனம், பாரம் தாங்குவதில் தாராளம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான்.

கேமரன் மலைக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். காய்கறித் தோட்டக்காரர்கள் பழைய லேண்ட் ரோவர்களை இன்னும் மலைச்சரிவில் ஓட்டுகிறார்கள். கதவு நசுங்கியிருக்கும், பெயிண்ட் உரிந்திருக்கும். பழைய இஞ்சினைக் கழற்றி ஜப்பான் டீசல் இஞ்சினைப் பூட்டியவையும் உண்டு. உரிந்த பெயிண்ட் வண்டியை நிறுத்திவிடாது. உரிந்த பிரேக் நிறுத்தாமலே விட்டுவிடும்.

தாய்மார்களே, சம்பள நாளில் நாம் என்ன செய்கிறோம்? அரிசிக்கு ஓர் உறை, பள்ளிக்கு ஓர் உறை, பண்டிகைக்கு ஓர் உறை என்று பிரித்து வைக்கிறோம் அல்லவா? உங்கள் மகனிடமும் மூன்று உறைகளைக் கொடுங்கள். முதல் உறையின் வேலை முடியாமல் இரண்டாவதைத் திறக்கக்கூடாது.

முதல் உறை, நிற்பதற்கும் திரும்புவதற்கும். பிரேக் கட்டை, பிரேக் குழாய், பிரேக் எண்ணெய், ஸ்டீயரிங் மூட்டுகள், சக்கர பேரிங், இருக்கை வார். பழைய வண்டி வாங்கினால் இவற்றையெல்லாம் முதலில் ஒரு நல்ல போர்மனிடம் காட்டுங்கள். இது வெளியே தெரியாத செலவு. நண்பர்கள் யாரும் பாராட்டமாட்டார்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வர வைப்பது இதுதான்.

இரண்டாவது உறை, பிடிப்பதற்கும் மீட்பதற்கும். டயர் இதில்தான் வரும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது என்று பொருள். பூ கெடாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிடும். கித்தா பிழைப்பில் வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலிவு என்று பழைய டயரை வாங்காதீர்கள்.

டயரின் அளவுக்கு ஒரு கணக்கு. 265/65R17 என்ற டயரின் மொத்த உயரம் சுமார் 776 மில்லிமீட்டர். 285/70R17 என்றால் சுமார் 831. ஏறக்குறைய ஏழு விழுக்காடு கூடுதல். பெரிய டயரைப் பூட்டினால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107-இல் ஓடும். இஞ்சினுக்கும் பிரேக்குக்கும் பாரம் கூடும். வண்டியின் அடிப்பாகம் உயர்வதோ வித்தியாசத்தில் பாதி, அதாவது ஓர் அங்குலம்தான்! அந்த ஓர் அங்குலம் தேவையா என்று கேட்டுப் பாருங்கள்.

காசில்லாமல் ஒரு மாற்றம் உண்டு. சேற்றில் சிக்கும்போது டயர்க் காற்றை 32-இலிருந்து 20 அளவுக்கு இறக்கினால், டயர் விரிந்து மண்ணை நன்றாகப் பற்றும். மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். தார்ச்சாலைக்கு வருமுன் மறுபடியும் காற்றடிக்க வேண்டும். ஒரு காற்றளவி, ஒரு சிறு பம்பு போதும். ஆயிரக்கணக்கில் கொட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

வண்டியை இழுக்கும் கொக்கி, அடிச்சட்டத்தோடு பூட்டிய பலமான கொக்கியாக இருக்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டி இழுக்கவே கூடாது. உருண்டை முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். ஆஸ்திரேலியாவில் இதனால் உயிர்களே போயிருக்கின்றன. வின்ச் வாங்குவதானால், சாமான் ஏற்றிய வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கக்கூடியதாக வாங்குங்கள்.

மூன்றாவது உறை, வசதிக்கும் அழகுக்கும். விளக்கு, பம்பர், ரிம், பக்கப்படி, மேல்மூடி எல்லாம் இதில். பழைய வண்டிகளை அறுத்து விற்கும் பொத்தோங் கடையில் இவற்றை மலிவாக வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பிரேக், இருக்கை வார், டயர் ஆகியவற்றை அங்கே தேடாதீர்கள். ஒவ்வோர் இரும்பும் எடை என்பதையும் மறவாதீர்கள். பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் நூறு கிலோவைத் தொட்டுவிடும். அது முன் சஸ்பென்ஷனைத்தான் அழுத்தும். மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதை வகுப்பில் படித்தோம். இங்கே ஏற்றுவது இரும்பு!

மூச்சுக்குழாய் பூட்டிய வண்டி வெள்ளத்தில் போகும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது இஞ்சினுக்குள் தண்ணீர் புகாமல் காக்கும், அதுவும் மூட்டுகள் சரியாக அடைத்திருந்தால். வண்டி மிதப்பதை அது தடுக்காது. ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தால் சிறிய காரை அடித்துப் போகும்; இரண்டடி இருந்தால் பெரிய வண்டிகளையும் இழுத்துப் போகும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது சக்கரத்துக்கும் பொருந்தும்.

சட்டத்தையும் கணக்கில் சேருங்கள். இஞ்சின், அடிச்சட்டம், உடலமைப்பு இவற்றை மாற்றுவதானால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். வேலையைத் தொடங்குமுன் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தால் விபத்து நாளில் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். பட்டறையில் என்ன சாமான், என்ன விலை, எத்தனை மாத உத்தரவாதம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். "தாங்கும்" என்ற வாய்வார்த்தை ரசீது ஆகாது.

தம்பிமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஷிப்ட் முடிந்து கண் எரிய வீடு திரும்பிச் சேர்த்த பணம் உங்களுடையது. அதில் ஆசைக்கும் இடம் உண்டு. ஆனால் அதில் அம்மாவின் கூட்டுப் பணம் கலந்திருந்தால், முதல் உறை அம்மா உட்காரும் இருக்கைக்காக என்று நினையுங்கள்.

அந்தத் தம்பி இப்போது பழைய அளவு டயருக்கே திரும்பிவிட்டான். விளக்கு வரிசையை விற்று, அம்மாவின் கூட்டுக்கு இரண்டு மாதத் தவணை கட்டினான். சென்ற ஞாயிறு கோயில் வாசலில் பார்த்தேன். வண்டியை எடுக்குமுன் குனிந்து அடியில் பார்த்தான். கிளம்பியதும் பத்தடியில் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்தான். என் அப்பாவின் நினைவு வந்தது.

இன்றே உங்கள் வீட்டு வண்டிக்கடியிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.