மண் நமது, மண்ணிற் பிறந்த மகவு அயலதோ?

திருவதிகையினின்று நெய்வேலிக்குச் செல்லும் வழி நெடுகிலும் முந்திரிக் காடுகளைக் காணலாம். பண்ணுருட்டிச் செம்மண்ணுக்கே உரியதென்று நாம் பெருமை பேசும் அம் முந்திரி, இம் மண்ணின் பழமரம் அன்று. பிரேசில் நாட்டினின்று போர்த்துகீசியர் கப்பலேற்றிக் கொணர்ந்த வித்து அது. ஆயினும், இன்று அதனை அயல்மரமென்று வெட்டியெறிய எவனும் முனைவதில்லை. வேரூன்றிய மண்ணே அதற்குக் குடியுரிமை தந்துவிட்டது. மரத்துக்குக் கிடைத்த இவ்வுரிமை, இதே மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியில் ஏதிலியர் தங்கிடத்திற் பிறந்து, இங்கேயே தமிழ் பயின்று, இங்கேயே மணந்து, இங்கேயே மகப்பெற்று வாழும் ஈழத்தமிழ்ப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை!

இன்னும் சற்றே சென்றால் நெய்வேலிச் சுரங்கம். 1956-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நடுவணரசு நிறுவனம், நம் உழவர் விட்டுக்கொடுத்த வயல்களுக்கு அடியிலிருந்து பழுப்பு நிலக்கரியை வாரியெடுக்கின்றது. அதில் விளையும் மின்னாற்றல் தமிழகத்துக்கு மட்டுமன்றிக் கருநாடகத்துக்கும் கேரளத்துக்கும் ஆந்திரத்துக்கும் பாய்கின்றது. இம் மண்ணுக்கு அடியிற் கிடக்கும் கரி இந்தியாவின் உடைமையாம். இம் மண்ணுக்கு மேற் பிறந்த தமிழ்க் குழந்தை மட்டும் இந்தியாவுக்கு அயலாம்! இஃது எவ்வகை முறை என்று கேட்க நமக்கு நாவில்லையா?

சட்டம் அப்படித்தான் சொல்கின்றது என்று வாயடைக்கப் பார்ப்பர். சட்டம் என்ன சொல்லிற்று என்பதை முதலிற் பார்ப்போம். 1947-ஆம் ஆண்டு ஏப்பிரலில், அரசமைப்பு அவையிற் குடியுரிமைப் பிரிவு ஆராயப்பட்டபொழுது, பிறப்பைக் கொண்டே குடியுரிமை தரலாகாது என்று வாதிட்டவர்க்கு விடையிறுத்த வல்லபாய் பட்டேல், உலகில் அகன்ற குடிமைக் கொள்கை, குறுகிய குடிமைக் கொள்கை என இரண்டுண்டு என்றும், நாம் குறுகிய வழியிற் செல்லுதல் தகாது என்றும் எடுத்துரைத்தார். தமிழுக்கு அவர் ஒரு நாளும் நண்பரல்லர். எனினும் அன்று சொன்னது சரியே. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அக் கொள்கையையே ஏற்றது. 1950 சனவரி 26-ஆம் நாள் முதல் இந்திய மண்ணிற் பிறக்கும் எவரும் இந்தியக் குடிமகன். தந்தை யார், எந்த ஊர், என்ன சமயம் என்ற கேள்வி இல்லை. அயல்நாட்டுத் தூதர் மக்களும், பகைவர் வயப்பட்ட இடத்திற் பிறந்த பகைவர் மக்களும் மட்டுமே விலக்கு.

முப்பத்தோராண்டு அச் சட்டம் நின்றது. 1983-இல் கொழும்பிலும் மலையகத்திலும் தமிழர் வெட்டுண்டு எரியுண்டு, எஞ்சினோர் படகேறிப் பாம்பன் கரை சேர்ந்த பின்னரே தில்லிக்குத் திடீரென அறிவு வந்தது. 1986-இல் அப்பிரிவைத் திருத்தினர். 1987 சூலை முதல் நாளிலிருந்து பிறப்பவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாயிருத்தல் வேண்டும் என்றனர். அசாமின் வங்காளதேயச் சிக்கலுக்காகவே அத் திருத்தம் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். அத் திருத்தத்துக்கு அரசு காட்டிய கரணியத்தைப் படித்தவர்க்கு உண்மை விளங்கும். வங்காளதேயத்தோடு இலங்கையும் அதிற் பெயர் சுட்டப்பட்டது. அசாமியனுக்காகத் தீட்டப்பட்டது என்று நாம் நம்பிய கத்தி, தமிழன் கழுத்தையும் அளந்தே தீட்டப்பட்டது.

அதன் விளைவைக் கேளுங்கள். ஒரு தாய் வயிற்றில் இருவர். ஒரே தங்கிடம், ஒரே ஓலைக்குடிசை. 1986-இல் பிறந்த அக்கை இந்தியக் குடிமகள். 1988-இல் பிறந்த தங்கை அயலாள். இருவர்க்கும் ஒரே குருதி, ஒரே மண், ஒரே பால். இடையிற் கிடந்தது தில்லியில் எவனோ கிழித்த ஒரு நாட்கோடு! அக் கோட்டுக்கு முன் பிறந்தவர்களேனும் உரிமை பெற்றனரா? அதுவும் இல்லை. மண்டபம் தங்கிடத்தில் 1986-ஆம் ஆண்டு பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட, அவர் முறைமன்றம் ஏறினார். சட்டம் எழுத்தெண்ணித் தந்த உரிமையை மறுத்தல் இயலாது என்று சென்னை உயர் முறைமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது 2022 ஆகத்தில். அதாவது, பிறந்த நாளிலேயே குடிமகளாயிருந்த ஒருவர், தாம் குடிமகள் என்பதை அறிவிக்கச் செய்ய முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

2003-ஆம் ஆண்டின் இறுதியில் தில்லி நாடாளுமன்றம் இன்னொரு பூட்டும் போட்டது. பெற்றோருள் ஒருவர் குடிமகனாயிருந்தாலும், மற்றவர் ‘சட்டத்துக்குப் புறம்பாக வந்தேறியவர்’ ஆயின், அவர்தம் மகவுக்குப் பிறப்புரிமை இல்லை. அத்தகு வந்தேறியர் பதிவு செய்தும் குடியுரிமை பெறலாகாது. நெடுநாள் வாழ்ந்தும் பெறலாகாது. குண்டுக்குத் தப்பிக் கடலில் விழுந்து நீந்தி வந்தவன் கையிற் கடவுச்சீட்டு இல்லை என்பதற்காக, அவன் பேரன் வரைக்கும் குற்றவாளி! இதிலுள்ள இழிவு யாதெனில், அதே 2003-ஆம் ஆண்டிலேதான் கொழும்பு நாடாளுமன்றம், 1964 அத்தோபர் 30 முதல் அங்கு வாழ்ந்துவரும் இந்திய வழித்தோன்றல்களுக்கும் அவர்தம் மக்களுக்கும் குடியுரிமை தரும் சட்டத்தை நிறைவேற்றியது. தமிழனை நாடற்றவனாக்கியதற்கு உலகறிந்த சிங்கள அரசு, ஐம்பத்தைந்து ஆண்டுக்குப் பின்னேனும் கதவைச் சற்றே திறந்த ஆண்டில், ‘தாய்நாடு’ என்று நாம் வாழ்த்துப்பாட வேண்டிய அரசு கதவைச் சாத்தியது.

இக் கொடுமையின் முதற்பாடம் இலங்கையில் எழுதப்பட்டதே. குளம்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வெள்ளையன் கொண்டுபோன நம் மக்கள், மலையைக் குடைந்து அத் தீவுக்குச் செல்வம் ஈட்டித் தந்தனர். விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதிற் பிறப்பிடத்துக்கு மதிப்பில்லை. தந்தை இலங்கையிற் பிறந்தவனென்று மெய்ப்பிக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தனர் என்று மெய்ப்பிக்க வேண்டும். கூலி வரிசையிற் பிறந்தவனுக்குப் பிறப்பை எவன் பதிந்து வைத்தான்? அடுத்த ஆண்டு ஒப்போலை உரிமையும் பறிபோயிற்று. முதற் சட்டத்தை எதிர்த்த பொன்னம்பலம், அமைச்சரவையில் அமர்ந்தபின் அடுத்த சட்டத்துக்குத் துணைநின்றார் என்பதை நாம் மறைக்க வேண்டா. அது பொறாது பிரிந்த செல்வநாயகம் 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சி கண்டார்.

அன்றைய இலங்கை அரசமைப்பில், 29-ஆம் பிரிவு என்று ஒன்று காவலாக நின்றது. ஓர் இனத்தார்க்கு இல்லாத தடையை இன்னோர் இனத்தார்க்கு மட்டும் விதிக்கும் சட்டம் செல்லாது என்பது அதன் கருத்து. அதனைப் பற்றிக்கொண்டு, உருவன்வெல்லைத் தொகுதியின் ஒப்போலைப் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்குமாறு ஒரு தமிழர் முறையிட்டார். பட்டியலைச் சரிபார்த்த அலுவலர், இச் சட்டங்களே செல்லா என்று துணிந்து முடிவு கூறினார். ஓர் எளிய அலுவலரின் அந் நெஞ்சுரம் போற்றத்தக்கது. ஆனால் 1951-இல் கொழும்பு உச்ச முறைமன்றம் அம் முடிவை அழித்தது. 1953-இல் இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் என்னும் கோமறை மன்றமும் அவ்வழிப்பை ஏற்றது. என்ன பொருள் கூறி? தன் குடிமக்கள் யாவர் என்று வரையறுக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டாம். இந்தியத் தமிழரின் ‘இடம்பெயரும் பழக்கம்’ அவர்கள் குடிமக்களாகத் தகுதியுடையரா என்பதைப் பற்றியதேயன்றி, அவர்தம் இனத்தைப் பற்றியது அன்றாம்! நூறாண்டு ஒரே மலையில் முதுகு வளைந்து கொழுந்து பறித்தவளுக்கு இடம்பெயரும் பழக்கமாம்! சொற்களை முன்னும் பின்னும் மாட்டிப் பாட்டுக்கு வலிந்து பொருள்கொண்டார் என்று நச்சினார்க்கினியரைக் குறைகூறுவோர் நம்முள் உண்டு. அவராவது பாட்டைத்தான் பிரித்தார். இம் மன்றத்தார் ஒரு மக்களினத்தையே வரியினின்று பிரித்துக் கடலில் எறிந்தனர்.

எறியப்பட்டோர் எண்ணிக்கை 1964-ஆம் ஆண்டுச் சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்திற் புலப்பட்டது. நாடற்றோர் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பகுத்துக்கொண்டனர். ஆட்டு மந்தையைப் பகுப்பவனேனும் ஒவ்வோர் ஆட்டையும் தடவிப் பார்ப்பான். இங்கு, பகுக்கப்பட்டவருள் ஒருவரையேனும் எவரும் கேட்கவில்லை. அம் மலையகத் தமிழர் பலர் 1983-க்குப் பின் ஏதிலியராய் நம் கரைக்கு வந்தனர். இங்கிருந்து சென்றவன் பேரன் என்பதால் அங்கே ‘இந்தியன்’. அங்கிருந்து வந்தவன் என்பதால் இங்கே ‘இலங்கையன்’. அவருள் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 சூனில் மதுரைக் கிளை, அவர்தம் விண்ணப்பங்களைப் பரிவோடு ஆராயுமாறு நடுவணரசுக்குச் சொன்னது. 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 58,000-க்கு மேற்பட்டோர் தமிழகத்தின் நூற்றுக்கு மேற்பட்ட தங்கிடங்களில் வாழ்ந்தனர். ‘மறுவாழ்வு’ என்று அவ்வாண்டு பெயர் மாற்றினர், பலகை மாறியது.

2019-ஆம் ஆண்டின் நாடகத்தை மறக்கலாகாது. அவ்வாண்டு செப்டம்பர் 27-இல், இந்தியத் தலைமையமைச்சர் ஐக்கிய நாடுகள் அவையில், கணியன் பூங்குன்றனாரின் பாட்டடியைத் தமிழிலேயே சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நம்மவர் பலர் மகிழ்ந்து இனிப்பு வழங்கினர். மூன்று திங்கள் கழியுமுன், திசம்பரில், குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. ஆப்கானித்தான், பாகித்தான், வங்காளதேயம் ஆகிய மூன்று நாட்டிலிருந்து 2014 திசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், புத்தர், சமணர், பார்சியர், கிறித்தவர் ஆகியோர் வந்தேறியர் ஆகார் என்றது அது. இசுலாமியரை ஒதுக்கினர், அது வெளிப்பட்ட பகை. ஈழத்தமிழரையோ எண்ணியும் பார்த்திலர். கணியனார் பாட்டு அயலான் காதுக்கு. கதவடைப்பு தமிழன் முகத்துக்கு. 2025-இல் ஒறுப்பு முடித்த ஈழத்தமிழர் ஒருவர் தம்மை வெளியேற்ற வேண்டா என முறையிட்ட வழக்கில், இந்தியா ஊர்ச்சாவடி அன்று என்னும் பொருள்பட உச்ச முறைமன்றத்தில் வாய்மொழியாகக் கூறப்பட்டது. நோயுற்று வந்த நாவுக்கரசருக்குத் தமக்கை திலகவதியார் அடைக்கலம் தந்த திருவதிகையில் இருந்துகொண்டு அச் செய்தியைப் படித்தபோது, சாவடி என்பது இழிசொல் ஆனது எப்பொழுது என்றே நினைந்தேன். அதே ஆண்டு செப்டம்பரில், 2015 சனவரி 9 வரை வந்து பதிந்த ஈழத்தமிழர்க்கு ஆவணமின்மைக்காக ஒறுப்பில்லை என்று நடுவணரசு ஆணையிட்டது. சிறையிடமாட்டோம் என்பது நல்லதே. சிறையிடாமை குடியுரிமை ஆகுமா?

இவ்வழக்கு நம்மோடு நின்றுவிடவில்லை. கருப்பர் குடிமக்களாகார் என்று 1857-இல் அமெரிக்க உச்ச முறைமன்றம் சொன்ன கொடுந்தீர்ப்பை, உள்நாட்டுப் போரிற் சிந்திய குருதியே துடைத்தது. 1868-இல் பதினான்காம் திருத்தம், அம் மண்ணிற் பிறந்து அதன் ஆட்சிக்கு உட்பட்டவர் எவரும் குடிமக்கள் என்றது. குடியுரிமை பெறவே இயலாதிருந்த சீனப் பெற்றோர்க்குச் சான் பிரான்சிசுகோவிற் பிறந்த வாங் கிம் ஆர்க்கு என்னும் சமையற்காரர், அதைப் பற்றிக்கொண்டு 1898-இல் வென்றார். அந் நாட்டிலும், 2025 சனவரி 20-இல் குடியரசுத் தலைவர் திரம்பு, ‘ஆட்சிக்கு உட்பட்டவர்’ என்ற சொற்றொடருக்குப் புதுப்பொருள் கூறி, ஆவணமற்றோர் மக்களின் பிறப்புரிமையைப் பறிக்க ஆணையிட்டார். கீழ்நிலை முறைமன்றங்கள் பல அதனைத் தடுத்தன. அங்கே அரசமைப்பிலேயே பொறித்து வைத்ததால், பறிக்க வந்தவன் சொல்லோடு மல்லாட வேண்டியிருந்தது. இங்கோ அவ்வுரிமையை எளிய சட்டத்தில் வைத்தனர். ஒரு கூட்டத்தொடரில் அழித்தனர்.

நம் தோழருள்ளும் சிலர் ஐயுறுவர். பிறப்பே உரிமை என்றால், நெய்வேலியில் வந்து குடியேறும் வடவர்க்கு நாமே வாயில் திறந்ததாகாதா என்பர். வடவனுக்கு இந்தியக் குடியுரிமை முன்னரே முழுதாக உண்டு. இச் சட்டம் அவன் மயிரையும் தொடவில்லை. இப் பூட்டு விழுந்தது ஈழத்தமிழன் மேல். நெய்வேலியில் தமிழனுக்கு வேலை, அலுவலகத்தில் தமிழ், பள்ளியில் தமிழ் என்பன நாம் நடத்த வேண்டிய போர்; அப் போரைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையோடு நடத்துவது ஆண்மை அன்று. ஈழத்தமிழர் இந்தியக் குடியுரிமை பெற்றால் ஈழக் கோரிக்கை தளரும் என்பார் வேறு சிலர். உரிமை என்பது கட்டாயம் அன்று. திரும்ப விழைவோர் திரும்பட்டும். அவர் திரும்பும் நாள் வரை அவர்தம் மகளைக் கல்லூரி வாயிலிலும் வேலை வாயிலிலும் நிறுத்தி வைக்க நமக்கு யார் உரிமை தந்தார்?

வழியில்லை என்று தில்லி சொல்லுமானால், அதன் சட்டப் புத்தகத்தையே அதன் முன் விரித்துக் காட்டுவோம். அசாமுக்கென்று 6-அ என ஒரு தனிப்பிரிவை 1985-இல் சேர்த்து, 1966-க்கு முன் வந்தவரைக் குடிமக்களாகவே கொண்டனர். 1971 மார்ச்சு 24 வரை வந்தவர்க்குப் பத்தாண்டு ஒப்போலை நிறுத்தி மற்ற உரிமை தந்தனர். 2024 அத்தோபரில் உச்ச முறைமன்றமும் அப்பிரிவு செல்லும் என்றது. அசாமுக்கு ஒரு பிரிவு எழுதிய மை, தமிழகத்துக்கு எழுதும்போது உறைந்துவிடுமா? 1983 முதல் தமிழகத்தில் அடைக்கலம் புகுந்தோர்க்கும் இங்குப் பிறந்த அவர்தம் மக்களுக்கும் அத்தகு தனிப்பிரிவு ஒன்று வேண்டும். தமிழகத்தினின்று நாடாளுமன்றம் செல்லும் ஒவ்வோர் உறுப்பினரும் இதனைக் கேட்க வேண்டும். கேளாதவரை அடுத்த தேர்தலில் நாம் கேட்க வேண்டும்.

அதுவரை கைகட்டியிருக்க வேண்டா. 1987 சூலைக்கு முன் தங்கிடங்களிற் பிறந்தோர் இன்றைய சட்டப்படியே குடிமக்கள். அவருட் பலர்க்கு அது தெரியாது. தெரிந்தவர்க்குப் பிறப்புச் சான்று கையில் இல்லை. கடலூர், பண்ணுருட்டி, குறிஞ்சிப்பாடிப் பகுதி அன்பர்கள், விடுமுறை நாளொன்றில் தங்கிடத்துக்குச் சென்று, அவ்வாண்டுகளிற் பிறந்தோர் யாவர் எனக் கேட்டறிந்து, பிறந்த மருத்துவமனைப் பதிவையும் நகராட்சி, ஊராட்சிப் பதிவேட்டையும் தேடிச் சான்று பெற்றுத் தர முனைக. கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பித் தருக; மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குக. மதுரைத் தீர்ப்பின் படியொன்றையும் உடன் கொண்டு செல்க.