பட்டியல் பிழையும் திருத்தச் சீட்டும்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் அச்சாகி வந்ததையும், வந்த வேகத்திலேயே திரும்பக் கட்டப்பட்டு மூலையில் வைக்கப்பட்டதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘செல்வி’ என்னும் பெயரில் கொம்பு சகரத்தை விட்டு விலகி, லகரத்தின் முன்னே போய் நின்றது. ‘கோ’ என்று தொடங்கும் பெயர்களில் ககரம் தனியாகவும், அதன் கொம்பும் காலும் தனியாகவும் கிடந்தன. நெடுங்காலமாக இந்த ஹைதராபாத்தில் வாழும் பெரியவர் ஒருவர், தம் பெயரைத் தாமே படிக்க இயலாமல், “வேற்று மொழிக்காரர்கள்தாம் நம் பெயரைச் சிதைத்து எழுதுவார்கள் என்றிருந்தேன். நம் சங்கத்திலுமா?” என்று கேட்டார். அன்று எவரிடமும் விடையில்லை. பின்னர் விசாரித்து அறிந்ததை இத்திங்கள் எழுதுகிறோம்.

பட்டியலை அமைத்துத் தந்தவள் நம் சங்கக் குடும்பத்துப் பெண். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயில்பவள். பெயர்களைத் தாளில் அமைப்பதற்கு அவள் ஒரு நிரல் நூலகத்தைப் பயன்படுத்தினாள். இங்கே நூலகம் என்பது புத்தகசாலை அன்று. பலருக்கும் தேவைப்படும் நிரல்களைச் சிலர் எழுதித் தொகுத்து வைக்கின்றனர். மற்றவர் அவற்றை எடுத்துத் தம் நிரலோடு சேர்த்துக்கொள்கின்றனர். அந்நிரல்களின் மூலத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்று உரிமை கொடுத்துவிட்டால் அது திறந்த மூல நூலகம் ஆகிறது. ஊர்ப் பொதுக்கிணறு போன்றது அது. பலர் நீர் எடுக்கின்றனர். தூர் வாருபவர் சிலரே.

முந்திய ஆண்டு அதே நிரல் பட்டியலைப் பிழையின்றித் தந்தது. இடையில் அந்நூலகத்தின் புதிய பதிப்பு வந்தது. பழைய பதிப்பில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் தாமே அமர்ந்தன. புதிய பதிப்பிலோ, கேட்டால்தான் அமரும். ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு அவ்வேலை பெரிதும் தேவையில்லையாதலால், வேகம் கருதி அப்படி மாற்றியிருந்தனர். மாற்றியது குற்றமன்று. பதிப்போடு வந்த குறிப்பில் ‘சிறு திருத்தங்கள்’ என்று மட்டும் எழுதி விட்டதே குற்றம். அவ்விரு சொற்களின் விலையை மறு அச்சுச் செலவாக நம் சங்கம் செலுத்தியது.

இவ்விஷயத்தில் ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் விதிநூலில் ஒரு பத்தி மாறினால், யாரும் வாய்மொழியாகச் சொல்லி விடுவதில்லை. திருத்தச் சீட்டு வரும். அதற்கு எண் உண்டு, தேதி உண்டு, எந்தப் பத்தியை நீக்குவது, அதற்கு ஈடாக எதனைச் சேர்ப்பது என்று அதில் தெளிவாக இருக்கும். சீட்டை விதிநூலில் உரிய பக்கத்தில் ஒட்டிக்கொள்வோம். அறிந்துகொண்டோம் என்று கையொப்பமும் இடுவோம். ஒட்டாத சீட்டினால் வண்டிக்கே ஆபத்து வரலாம் என்பதை முன்னோர் பட்டறிந்து வகுத்த முறை இது.

நிரல் உலகிலும் இம்முறை இல்லாமலில்லை. ஒரு பதிப்பைப் புள்ளியிட்ட மூன்று எண்களால் குறிப்பது அங்கே பரவலான வழக்கம். மூன்றாவது எண் மட்டும் ஏறினால் பிழை திருத்தம். இரண்டாவது ஏறினால் புதிய வசதி வந்தது, பழையது பழுதில்லை. முதல் எண் ஏறினால், பழைய நிரல் ஓடாமற் போகலாம், கவனம் என்று பொருள். டாம் பிரஸ்டன்-வெர்னர் என்பவர் இதனை விதிகளாக எழுதி வைத்தார். எண் எச்சரிக்கை மணி மட்டுமே. எது சேர்ந்தது, எது மாறியது, எது விரைவில் நீக்கப்படும், பழைய நிரலை எந்த வரியில் எப்படித் திருத்துவது ஆகிய நான்கையும் ஏட்டில் எழுதிய பிறகே பதிப்பை வெளியிட வேண்டும்.

பெரிய மாற்றத்தையும் முறையாக அறிவித்துச் செய்யலாம் என்பதற்குப் பைத்தான் என்னும் நிரல்மொழி சான்று. அதன் 3.0 பதிப்பு 2008 டிசம்பர் 3 அன்று வெளிவந்தது. பழைய இரண்டாம் வரிசைக்கு 2020 ஜனவரி 1 முதல் ஆதரவு நின்றது. இடையில் பதினோராண்டுக்கு மேல் அவகாசம்! ஒவ்வொரு பதிப்போடும் ‘புதியது என்ன’ என்னும் தனி ஏடும் வருகிறது. அம்மாற்றம் நம் மொழியைத் தொட்டது. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் யாது? யூடிஎஃப்-8 முறையில் எழுதிய சாதாரண உரையாகக் கொடுத்தால், பழைய பைத்தான் 15 என்றது. அது பைட்டுகளை எண்ணியது. புதிய பைத்தான் 5 என்கிறது. மகரத்தையும் அதன் இகரக் குறியையும், ழகரத்தையும் அதன் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. நம் குழந்தையைக் கேட்டால், த, மி, ழ் என்று விரல் மடக்கி 3 என்கிறது. மூன்றும் அதனதன் கணக்கில் சரியே. எந்தக் கணக்கு என்று ஏடு சொல்லாவிடில், படிப்பவன் எதனை நம்புவான்?

மீண்டும் நம் பெண்ணின் கதைக்கு வருவோம். அவள் அந்நூலகத்தாருக்குக் குறையை எழுதினாள். அவர்கள் ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். தவற்றை ஒப்புக்கொண்டு, “அடுத்த பதிப்புக்கு ஏடு ஆயத்தம் செய்கிறோம், அப்பகுதியை நீங்களே எழுதித் தர இயலுமா?” என்று கேட்டனர். அவளுக்கு மனக்குறை. “நிரல் எழுதச் சொல்லாமல் குறிப்பு எழுதச் சொல்கிறார்களே, மாமா!” என்றாள். ஆயினும் ஆங்கிலத்தில் எழுதினாள். நம் வற்புறுத்தலால் தமிழிலும் எழுதிக்கொண்டு வந்தாள்.

நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவர்கள், நிரல் அறியோம். அறியாமையே அன்று தகுதியாயிற்று. அவள் எழுதியதில், ‘உரை வடிவாக்கத்தை இயலச் செய்க’ என்று ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தை நிழலாகப் பின்தொடர்ந்த அத்தமிழ் நமக்குப் புரியவில்லை. பேசித் திருத்தினோம்: ‘முன்பு கொம்பும் காலும் தாமே உரிய இடத்தில் நின்றன. இப்பதிப்பில் அவ்வாறு நிற்க, கீழ்க்காணும் ஒரு வரியைச் சேர்க்கவும்.’ பிறகு அவள் கணினியில், ஏட்டில் கண்டபடியே ஒவ்வொரு படியாக நாமே செய்து பார்த்தோம். மூன்றாம் படியில் நின்றுவிட்டது. எழுத்துருக் கோப்பை நிரல் இருக்கும் இடத்திலேயே வைக்கவேண்டும் என்பதை அவள் எழுதவில்லை. “அது எல்லாருக்கும் தெரியுமே, மாமா?” என்று சிரித்தாள். “எல்லாருக்கும் தெரிந்திருந்தால் ஏடு எதற்கு, அம்மா?” என்றோம். சிரிப்பு நின்றது, அந்த வரி ஏட்டில் ஏறியது.

ஏட்டில் உள்ள உதாரணங்களைக் கணினியே ஓட்டிப் பார்த்து, விடை மாறினால் காட்டிக் கொடுக்கும் டாக்டெஸ்ட் என்னும் கருவி பைத்தானோடு 2001 முதலே வருகிறது. எழுதிய பகுதிகளைக் கோத்து ஏடாக்கும் ஸ்பிங்க்ஸ் என்னும் கருவியை ஜியார்ஜ் பிராண்டல் 2008இல் வெளியிட்டார். இவை அரிய துணைகள். ஆனால் எழுதியதில் உள்ள பிழையைக் கருவி காட்டும்; எழுதாமல் விட்டதை, முதன்முதலாகப் படிக்கும் மனிதர்தாம் காட்ட முடியும்.

தமிழுக்கென்று இவ்வகை உழைப்பு நடந்தே வருகிறது. எழில் என்னும் தமிழ் நிரல்மொழியைப் படைத்த முத்தையா அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நூலகம், சொல்லை நம் குழந்தை பிரிப்பதுபோல் எழுத்தெழுத்தாகப் பிரிக்கிறது. நம் அகரவரிசைப்படி சொற்களை ஒப்பிடவும் செய்கிறது. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ், கணினி நுட்பங்களை எளிய தமிழில் நூல்களாகவே தந்திருக்கிறது. நம் நகரமும் இத்துறைக்கு அந்நியமன்று. இந்தியப் பைத்தான் மாநாடு 2018இலும் 2023இலும் இங்கேதான் கூடியது. மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் நிரல் எழுதிப் பிழைக்கின்றனர்! தாம் நாளும் நீர் எடுக்கும் கிணற்றுக்கு, ஆண்டுக்கொரு பக்கமேனும் அவர்கள் எழுதித் தரலாகாதா? தமிழ் எழுதக் கூசுகிறவர்கள், வீட்டில் தமிழ் அறிந்த தாயையோ பாட்டியையோ அருகில் அமர்த்திக்கொள்ளலாம். பிள்ளைக்கு நுட்பம் தெரியும். தாய்க்குச் சொல் தெரியும். இருவரும் சேர்ந்தால் ஒரு நல்ல பக்கம் உருவாகும்.

அப்பெண் எழுதிய பகுதி அடுத்த பதிப்பின் ஏட்டில் இடம் பெற்றது. உதாரணமாக ‘செல்வி’ என்னும் பெயரே நிற்கிறது. நம் பட்டியலும் மறுபடி அச்சாயிற்று. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம் பெயரைத் தேடிப் படித்தார். பிறகு முகவரியையும் படித்து, கதவு எண் தவறு என்றார். அக்குற்றம் கணினியினுடையதன்று; எழுதிக் கொடுத்த நம்முடையது. இவ்விதழோடு ஒரு திருத்தச் சீட்டு இணைத்திருக்கிறோம். உறுப்பினர்கள் அதனைத் தத்தம் பட்டியலில் உரிய பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.