என்னப்பா சொல்றான்?

கீழே இருக்கும் இரண்டு வரிகளை ஒரு தடவை படியுங்கள். கேள்வி கேட்கப் போகிறேன்.

'நேற்று மாலை இரண்டு குப்ளான்கள் டொம்பேரிக்குப் போய் ஆளுக்கு மூன்று சிலுப்பட்டைகளை லபக்கின. மழை வந்துவிட்டதால் மீதிச் சிலுப்பட்டைகள் பிசுக்கிவிட்டன.'

கேள்வி 1: குப்ளான்கள் எங்கே போயின? கேள்வி 2: மொத்தம் எத்தனை சிலுப்பட்டைகள் லபக்கப்பட்டன? கேள்வி 3: மீதி ஏன் பிசுக்கின?

டொம்பேரி. ஆறு. மழை. சபாஷ், நூற்றுக்கு நூறு! குப்ளான் என்பது பறவையா, பல்லியா, பக்கத்து ஊர் பஞ்சாயத்து மெம்பரா என்பது உங்களுக்கும் தெரியாது, எழுதிய எனக்கும் தெரியாது. ஆனால் மார்க் வந்துவிட்டது.

நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் 'காம்ப்ரிஹென்ஷன்' பாஸ் செய்தது இப்படித்தான். கேள்வியில் இருக்கும் வார்த்தையைப் பாராவில் தேடு, கிடைத்த வரியை முற்றுப்புள்ளி வரை அப்படியே இறக்கு, அடுத்த கேள்விக்குப் போ. 'பாராவைப் படிச்சு டயத்தை வேஸ்ட் பண்ணாதே, முதல்ல கேள்வியைப் படி' என்பது டியூஷன் வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாக ஓதி வரும் மந்திரம். இதில் சோதிக்கப்படுவது கண் பார்வை. படிப்பு அல்ல.

சரி, நாலு விடை கொடுத்து ஒன்றை டிக் செய்யச் சொன்னால்? அதிலும் ஓட்டை உண்டு. 1990-ல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் காட்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு குறும்பு செய்தார்கள். கல்லூரியில் சேருவதற்கான எஸ்.ஏ.டி. பரீட்சையிலிருந்து காம்ப்ரிஹென்ஷன் கேள்விகளை மட்டும் எடுத்தார்கள். பாராவை மறைத்துவிட்டார்கள். பாராவே இல்லாமல் பதில் சொல்லுங்கள் என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தால் வரக்கூடிய மார்க்கைவிட மாணவர்கள் நன்றாகவே அதிகம் வாங்கினார்கள். நாலு விடையில் எது நியாயமாகத் தொனிக்கிறதோ அதைத் தொட்டால் போதும், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சை கொஞ்சம் உஷார். 60 நிமிஷத்தில் 40 கேள்வி. அதில் ஒரு வகைக்கு 'சரி', 'தவறு' என்ற இரண்டோடு 'சொல்லப்படவில்லை' என்று மூன்றாவதாக ஒரு விடை வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கல்யாண வீட்டில் பாதி சொன்னால் மீதியை நாமே இட்டு நிரப்பிப் பழகியவர்கள் இல்லையா? 'அவர் சொல்லலைதான், ஆனா விஷயம் அதுதான்' என்பது நமக்குப் பரம்பரைக் குணம். பரீட்சைக்காரன் அதற்கு மார்க் தரமாட்டான்.

ஆக, ஒருவன் நிஜமாகவே படித்துப் புரிந்துகொண்டானா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

எல்லா ஆபீஸிலும் தினமும் நடக்கும் பரீட்சை ஒன்று இருக்கிறது. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பக்க இங்கிலீஷ் மெயில் வரும். மேனேஜர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு நம்மைக் கூப்பிட்டுக் கேட்பார்: 'என்னப்பா சொல்றான்?'

இந்த இரண்டு சொல் கேள்விக்கு வார்த்தை தேடி விடை எழுத முடியாது. மொத்தத்தையும் விழுங்கி, ஜீரணித்து, ஒரு வாய் வார்த்தையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். பரீட்சை பாஷையில் இதற்குப் பெயர் சம்மரி. கொஞ்சம் பழைய பெயர் ப்ரேஸி. (எழுத்துப்படி 'ப்ரெசிஸ்' என்று படிப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். பிரெஞ்சுக்காரன் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று.)

ஒரு சாம்பிள் சர்க்குலர்:

'நிர்வாகம் ஊழியர் நலனில் என்றும் அக்கறை கொண்டது. நமது கேன்டீன் பல ஆண்டுகளாகச் சிறப்பாகச் சேவை செய்து வருகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், புளி ஆகியவற்றின் விலை ஏறியபோதும் நிர்வாகம் அந்தச் சுமையைத் தானே ஏற்றது. ஊழியர் நலனே நமது நோக்கம். வரும் 1-ம் தேதி முதல் உணவு மானியம் மறுசீரமைக்கப்படுகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.'

முதல் ஆள் எழுதும் சுருக்கம்: 'நிர்வாகம் ஊழியர் நலனில் அக்கறை கொண்டது. கேன்டீன் சிறப்பாகச் சேவை செய்கிறது. உணவு மானியம் மறுசீரமைக்கப்படுகிறது.'

இரண்டாம் ஆள் சொல்லும் சுருக்கம்: 'மளிகை விலை ஏறிடுச்சாம். ஒண்ணாம் தேதியிலேர்ந்து கேன்டீன்ல சாப்பாட்டு விலை ஏறப்போகுது.'

யாருக்குப் புரிந்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 

1983-ல் ஆன் பிரவுன், ஜீன் டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் பிரித்து மேய்ந்தார்கள். சுருக்கி எழுதுவதற்குள் ஒளிந்திருக்கும் வேலைகளைப் பட்டியல் போட்டார்கள். அற்ப விஷயத்தை வெட்டு. ('ஒத்துழைப்புக்கு நன்றி' அவுட்.) சொன்னதையே திரும்பச் சொன்னால் வெட்டு. (இரண்டாவது 'ஊழியர் நலன்' அவுட்.) ஜாபிதா வந்தால் ஒரு பொதுப் பெயர் வை. (அரிசி, பருப்பு, எண்ணெய், புளி எல்லாம் சேர்ந்து மளிகை.) பாராவின் மையக் கருத்து ஒரே வரியில் இருந்தால் அதைப் பொறுக்கு. இல்லாவிட்டால் நீயே உருவாக்கு.

கடைசி விதிதான் கஷ்டம். மேலே உள்ள சர்க்குலரில் 'சாப்பாட்டு விலை ஏறப்போகிறது' என்ற வாக்கியம் எங்கேயாவது இருக்கிறதா? பூதக்கண்ணாடி வைத்தாலும் கிடைக்காது. ஆனால் சர்க்குலர் மொத்தமும் அதைச் சொல்லத்தான் எழுதப்பட்டது. சின்ன வயசு மாணவர்கள் இந்த விதிப் பக்கமே போகாமல், வரிகளில் சிலதை அடித்துவிட்டு மீதியைக் காப்பி அடிக்கிறார்கள் என்று பிரவுனும் டேயும் கண்டார்கள். நம்முடைய முதல் ஆள் செய்தது அதேதான்.

அப்படியானால் சம்மரி எழுதச் சொல்வதுதான் சரியான பரீட்சை, பிரச்னை தீர்ந்தது என்கிறீர்களா? இல்லை சார், இனிமேல்தான் ஆரம்பம்.

எங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் தம்பி திண்டுக்கல் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், பிறகு எஞ்சினீயரிங். போன மாசம் ஒரு கம்பெனியின் வேலைப் பரீட்சைக்குப் போனான். நிலத்தடி நீர் பற்றி ஒரு பக்க இங்கிலீஷ் கட்டுரை. 80 வார்த்தையில் சுருக்கச் சொன்னார்கள். ஊத்திக்கொண்டது. வந்த ரிசல்ட்டில் 'படித்துப் புரிந்துகொள்ளும் திறன்: குறைவு' என்று ஒரு வரி. பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மொட்டை மாடியில் மாட்டினான்.

'தம்பி, அந்தக் கட்டுரையில என்னதான் சொல்லியிருந்தான்?'

'போரை ஆழமாப் போட்டா தண்ணி வரும்னு நினைக்கிறோம் சார். ஆனா ஒருத்தர் ஆழமாப் போட்டா பக்கத்துக் காட்டுக்காரரும் அதைவிட ஆழமாப் போட வேண்டியிருக்கு. எல்லாரும் போடப் போட மட்டம் இன்னும் கீழ போகுது. கடைசில கடன்தான் ஏறுது, தண்ணி ஏறலை. அதனால இதைத் தனித்தனியா தீர்க்க முடியாது, ஊரே சேர்ந்துதான் கட்டுப்படுத்தணுங்கறான்.'

இதைவிட நல்ல சுருக்கம் அந்தப் பரீட்சையை நடத்தியவர்களிடமே இருந்திருக்குமா என்பது சந்தேகம். இவனுக்கா புரியவில்லை? இவனுக்கு வராதது எழுதுகிற இங்கிலீஷ். 'ஆல் பீப்பிள் ஆர் புட்டிங் டீப் போர்' என்று ஆரம்பித்தானாம். திருத்துகிறவர் அங்கேயே சிவப்புப் பேனாவைத் திறந்திருப்பார். பக்கத்து ஸீட்டில், கட்டுரையிலிருந்து நாலு வரியை அலுங்காமல் உருவி எழுதியவனின் இங்கிலீஷில் ஒரு பிழை இருக்காது. ஏனென்றால் அது அவன் இங்கிலீஷே இல்லை!

ஒரே விடைத்தாளில் இரண்டு பரீட்சை நடக்கிறது. ஒன்று படித்துப் புரிவது, இன்னொன்று எழுதுவது. இரண்டாவதில் தோற்றவனுக்கு முதலாவதில் தோற்றதாகச் சீட்டுக் கொடுக்கிறோம். கால் சுளுக்கியவனுக்குக் கண் பார்வை மோசம் என்று எழுதிக் கொடுக்கிற டாக்டரை என்ன சொல்வீர்கள்?

இது நம் மாடி ரூம் தம்பியின் தனிப்பட்ட சோகமும் அல்ல. 1986-ல் ஜேம்ஸ் லீ என்பவர் ஸ்பானிஷ் கற்கும் அமெரிக்க மாணவர்களிடம் ஸ்பானிஷ் பகுதி ஒன்றைக் கொடுத்தார். படித்ததை ஸ்பானிஷில் எழுதியவர்களைவிட, தாய்மொழியான இங்கிலீஷில் எழுதியவர்கள் அதிக விஷயங்களைச் சொன்னார்கள். புரிந்தது உள்ளே இருக்கிறது, வெளியே வரும் வாசல்தான் குறுகல்.

பிரேசில் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது. அங்கே பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் 'எனெம்' என்ற தேசியத் தேர்வில் 2010 முதல் அந்நிய மொழிப் பகுதி உண்டு. இங்கிலீஷ் அல்லது ஸ்பானிஷ், ஐந்து கேள்விகள். படிக்க வேண்டிய பகுதி இங்கிலீஷில் இருக்கும். கேள்வியும் விடைகளும் அவர்கள் பாஷையான போர்ச்சுகீஸில். இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா என்பதுதானே கேள்வி, அதற்கு இங்கிலீஷ் எழுதத் தெரிய வேண்டியதில்லையே என்கிறார்கள். சிம்பிள்!

'ஆபீஸில் இங்கிலீஷ் எழுதவும்தானே வேண்டியிருக்கிறது?' என்று கேட்பீர்கள். வாஸ்தவம். தாராளமாக எழுதச் சொல்லுங்கள், ஆனால் தனியாக. மார்க்கையும் தனியாகப் போடுங்கள். திருத்துவதற்கு முன்பே 'இந்த ஐந்து கருத்து வர வேண்டும்' என்று பட்டியல் போட்டு, கருத்துக்குத் தனி மார்க், மொழிக்குத் தனி மார்க். எதில் ஓட்டை என்று தெரிந்தால்தானே அடைக்க முடியும்? எழுத்து இங்கிலீஷ் ஆறு மாசப் பயிற்சியில் தேறிவிடக்கூடியது. 'உனக்குப் புரியவில்லை' என்று ஒருவனை நம்பவைத்துவிட்டால், அது லேசில் தேறாது.

ஊர் உலகப் பரீட்சைகள் அதுவரை மாறப்போவதில்லை. யூ.பி.எஸ்.ஸி. மெயின் பரீட்சையில் கட்டாய இங்கிலீஷ் தாள் 300 மார்க். அதில் காம்ப்ரிஹென்ஷனும் உண்டு, ப்ரேஸியும் உண்டு. ரேங்க்குக்குச் சேராது, ஆனால் 25 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற தாள்கள் கணக்கிலேயே வராது. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் பி.டி.இ. பரீட்சையில் 300 வார்த்தை வரை உள்ள பகுதியைப் பத்து நிமிஷத்தில், 75 வார்த்தைக்குள், ஒரே வாக்கியத்தில் சுருக்க வேண்டும். 75 வார்த்தைக்கு ஒரே வாக்கியம்! நம் ஊர் பத்திரம் எழுதுகிறவர்கள் உட்கார்ந்தால், 'மேற்படி பாராவில் கண்ட மேற்படி விஷயமாவது' என்று ஆரம்பித்து முதல் பரிசோடு எழுந்து வருவார்கள்.

'இப்போதுதான் பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டரே சுருக்கித் தருகிறதே' என்றும் ஒரு கோஷ்டி சொல்கிறது. தருகிறது. ஆனால் கேன்டீன் சர்க்குலரைப் போட்டதும் அது முதல் ஆள் மாதிரி சுருக்கியதா, இரண்டாம் ஆள் மாதிரி சுருக்கியதா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா? அந்த ஒருவர் நீங்களாக இருப்பது உத்தமம். வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது கம்ப்யூட்டர் அல்ல.

எனவே, செலவில்லாத ஒரு சோதனை. இன்றைக்கு இங்கிலீஷ் பேப்பரில் ஒரு தலையங்கத்தைப் படியுங்கள். பேப்பரை மூடி வையுங்கள். (இது முக்கியம். திறந்திருந்தால் கை தானாகக் காப்பி அடிக்கும்.) 'என்னப்பா சொல்றான்?' என்று நீங்களே கேட்டு, தமிழில் மூன்று வரி சொல்லிப் பாருங்கள். வந்துவிட்டதா? உங்களுக்குப் படிக்கத் தெரியும். எழுத்துப் பயிற்சிதான் பாக்கி, நம்பிக்கையோடு போங்கள். வரவில்லையா? பதற வேண்டாம். அடுத்து ஒரு தமிழ்த் தலையங்கத்தை அதே மாதிரி செய்து பாருங்கள். அது வந்தால் உங்களுக்குத் தேவை இங்கிலீஷ் வார்த்தைகள். அதுவும் வரவில்லை என்றால் கோளாறு இங்கிலீஷில் இல்லை, படிக்கும் முறையில். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குக் கட்டப்போகும் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டு, தினம் ஒரு பாராவைத் தமிழிலேயே சுருக்கிப் பழகுங்கள்.

மாடி ரூம் தம்பி தினமும் ராத்திரி இதைச் செய்கிறான். முதலில் தமிழில் மூன்று வரி, பிறகு அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களாக. அடுத்த மாசம் இன்னொரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது.

வீட்டுப் பாடம்: இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஒரே வாக்கியத்தில் சுருக்குங்கள். விடையில் 'குப்ளான்' என்ற வார்த்தை வந்தால் மார்க் கிடையாது!