லைலா இன்னும் பெரிசாகவில்லை



போன மாதம் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். ஏரியைப் பற்றி ஒரு கட்டுரைக்காகப் போனதாக அலுவலகக் கணக்கில் எழுதியிருக்கிறது. நண்டுக்காகத்தான் போனேன் என்பது உதவி ஆசிரியர்களுக்குத் தெரியும்.

காலை மீன் ஏலம் முடிந்து, மடவையும் இறாலும் ஐஸ் பெட்டிக்குள் போய்விட்டன. டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்காமல் நின்றபடியே குடித்தேன். ஒரே ஒரு 'தினத்தந்தி'. அதை நாலாகப் பிரித்து, ஆளுக்கொரு தாளாக வைத்திருந்தார்கள். நம் ஊர் டீக்கடைகளில் பேப்பர் எப்போதும் இப்படித்தான் படிக்கப்படுகிறது. முதல் பக்கம் யாரிடம் இருக்கிறது என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் தன் கையில் இருந்த தாளைக் கொடுத்துவிட்டு வேறு தாளைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை மாட்டினார். பத்து விநாடி பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் பார்த்தது கன்னித்தீவு படக்கதை.

"தெனமும் படிப்பீங்களா பெரியவரே?"

"எங்க நைனா காலத்துலேர்ந்து பாக்கறோம் சார். நைனாவும் போய்ட்டாரு. லைலா இன்னும் பெரிசாவல."

சிரித்துவிட்டேன். வாசகர்களில் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மந்திரவாதி மூசா லைலாவை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிவிட, அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரப் புறப்பட்டவன் சிந்துபாத். 1960-ல் புறப்பட்டான். பூதங்கள், ராட்சதப் பறவைகள், மாயக் கிழவிகள் என்று ஒவ்வொருவராக வழிமறிக்க, அவன் பயணம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இழுத்துக்கொண்டே போகும் கோர்ட்டு கேஸுக்கும், மூன்று வருஷமாகப் போடுகிற தெருச் சாலைக்கும் 'கன்னித்தீவு' என்று பெயர் வைத்துவிட்டோம். பழமொழியாகும் பாக்கியம் எத்தனை படக்கதைகளுக்குக் கிடைக்கும்?

1942-ல் மதுரையில், பின்னாளில் 'தினத்தந்தி' ஆன 'தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், லண்டனில் சட்டம் படித்தவர். அந்த ஊர் நாளிதழ்களில் படக்கதைத் துண்டுகளுக்கு இருந்த இடம் அவருக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் கையில் எடுக்க வேண்டிய பத்திரிகை அவருடையது. அதில் கதைக்கு இடம் ஒரு சாண். கட்டம் இரண்டோ மூன்றோ. வரைந்தவர் பெயர் கணேசன். 'கணு' என்று கையெழுத்திடுவார். கரும்பில் இருக்கிற கணு மாதிரி, இரண்டே எழுத்து.

நாளிதழில் படக்கதை வரைகிறவரின் பிழைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வார இதழ் ஓவியருக்கு வாரம் ஒரு நாளாவது மூச்சு விடலாம். இவருக்கு வீட்டில் கல்யாணம் என்றாலும், காய்ச்சல் என்றாலும், நாளைக்குச் சிந்துபாத் ஒரு அடி நகர்ந்தாக வேண்டும். நேற்று பார்க்காதவருக்கும் இன்றைய கதை புரிய வேண்டும், நாளைக்கு வாங்கத் தோன்றவும் வேண்டும். இத்தனைக்கும் ஒரு சாண் இடம்தான். கன்னித்தீவை நாம் கேலி செய்கிறோமே, அந்த ஒரு சாணில் இந்த வித்தையை ஒரு வருஷம் செய்து காட்டட்டும் யாராவது.

அச்சகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிளாக் முறை கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அச்சில் வரப்போகும் அளவைவிடப் பெரிதாகத்தான் ஓவியர்கள் வரைவார்கள். முதலில் வெளிர் நீலப் பென்சில் கோடு. அது கேமராவில் விழாது. அதன்மேல் தொட்டெழுதும் நிப்பிலும் தூரிகையிலும் கறுப்பு இந்தியன் இங்க். தப்பு விழுந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்ட். அதைப் படம் பிடித்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தில் அரித்து, மரக்கட்டையில் ஆணி அடித்தால் பிளாக். சொரசொரப்பான நியூஸ்பிரிண்டில் ஓடுகிற வேகத்தில் மெல்லிய கோடுகள் மை அடைத்துக் குழம்பிவிடும். அதனால்தான் அந்தக் காலத்துப் பத்திரிகை ஓவியர்கள் தடித்த கோட்டையும் கொட்டிவைத்த கறுப்பையும் நம்பினார்கள். மந்திரவாதியின் அங்கி ஏன் எப்போதும் கறுப்பு என்று கேட்டால், பாதிக் காரணம் கதையில் இருக்கும்; மீதிக் காரணம் மெஷினில் இருக்கும்.

பிளாக் ஆனபின் மூலப்படம் என்ன ஆகும்? இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில், பெயர் வேண்டாம், ரோலரில் வழிந்த மையைத் துடைக்க அந்த அட்டைகளை எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன். ஒரு முறை என் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைக்க ஒரு ராஜகுமாரியை எடுத்தேன். முகத்தில் வெள்ளைப் பெயிண்டால் மூக்கைத் திருத்தியிருந்தார் ஓவியர். அச்சில் வந்த படத்தில் அந்தத் திருத்தம் தெரியாது. அவர் யோசித்தது, மனம் மாறியது, கை நின்ற இடம் எல்லாம் அந்த அட்டையில் மட்டும்தான் இருந்தது. சாம்பார் கறையோடு அதைக் குப்பையில் போட்டேன்.

குப்பைக்குப் போகாத மூலப்படங்களும் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் ஷுல்ஸ் 1950 அக்டோபர் முதல் 2000 பிப்ரவரி வரை 'பீனட்ஸ்' படக்கதை வரைந்தார். மொத்தம் 17,897 துண்டுகள். எல்லாம் அவர் ஒருவர் கை. 2002-ல் அவர் வாழ்ந்த சாண்டா ரோசாவில் அவருக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். மூலப்படங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தனக்குப் பிறகு வேறு யாரும் வரையக் கூடாது என்பது அவருடைய விருப்பம். நம் கன்னித்தீவின் சுபாவம் வேறு. கணுவுக்குப் பின் வேறு ஓவியர்கள் கைக்குப் போனது, கறுப்பு வெள்ளை போய் வண்ணமும் வந்தது, கதை நிற்கவில்லை. பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அவர்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. மீன்பிடி இடங்களைக் குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று உன் வலை விழும் இடத்தில் நாளை என் வலை. இடம் யாருக்கும் சொந்தமில்லை. முறை மட்டும் அந்தக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் உண்டு. கன்னித்தீவு அப்படி ஒரு பாடு. கணுவின் முறை முடிந்ததும் அடுத்தவர் வலையைப் போட்டார்.

அதே ஊரில் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலுக்கும் போனேன். செம்புரைக்கல்லால் கட்டியது. அங்கே ராமாயணத்தைக் கையகலச் சின்னச் சின்னக் கட்டங்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்து, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கண்ணை நகர்த்திக் கதையைப் பிடிக்க வேண்டும். அதுவும் படக்கதைதான் என்று எனக்குத் தோன்றியது. என்ன, கல்லில் அடித்ததால் மூலமும் பிரதியும் ஒன்றாகிவிட்டது; டிபன் பாக்ஸுக்கு அடியில் வைக்க முடியாது.

காகிதத்தைக் காப்பாற்றியவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் வாசகர்கள்தான். சான்பிரான்சிஸ்கோவில் பில் பிளாக்பியர்ட் என்று ஒருவர். மைக்ரோஃபிலிம் எடுத்தபின் நூலகங்கள் தூக்கிப் போட்ட பழைய நாளிதழ்களை வாங்கி வாங்கி வீடு நிறைய அடுக்கினார். 1990-களின் இறுதியில் அவர் சேகரிப்பை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் எடுத்துச் செல்ல ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன. எடை 75 டன். நம் கோட்டையூர் ரோஜா முத்தையாவும் அந்த ஜாதி. விளம்பரப் பலகை எழுதிய ஓவியர், பத்திரிகையும் நோட்டீசும் அழைப்பிதழும் என்று சேர்த்துக்கொண்டே இருந்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பின்மீதுதான் சென்னையில் 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. இலங்கையில் 'சுந்தர்' என்ற சிவஞானசுந்தரம் தினகரனில் 'சவாரித்தம்பர்' வரைந்தார். பிறகு 'சிரித்திரன்' இதழை நடத்தினார். யுத்தமும் இடப்பெயர்வும் கடந்து அந்த இதழ்களை இன்று 'நூலகம்' மின்னூலகத்தில் புரட்ட முடிகிறதென்றால், யாரோ சிலர் வீட்டில் அதை வைத்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

டீக்கடைப் பெரியவர் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார். வலை, மிதவை எல்லாம் கிடந்த திண்ணையைத் தாண்டி, உள்ளே ஒரு தகரப் பெட்டி. அதில் மூன்று கணக்கு நோட்டு. அவர் நைனா கன்னித்தீவைக் கத்தரித்துச் சோற்றுப் பசையில் ஒட்டியது. "ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் வுட்டா கடலுக்குப் போவக் கூடாதும்பாங்க. அன்னிக்கு உக்காந்து ஒட்டுவாரு" என்றார். உப்புக்காற்றில் தாள் அப்பளம்போல் ஆகியிருந்தது. ராமபாணப் பூச்சி ஒரு பூதத்தின் தலையைத் தின்றுவிட்டிருந்தது. பேப்பர் வராத நாட்களுக்கு நைனா பென்சிலால் காலிக் கட்டம் போட்டு, உள்ளே தேதி எழுதி வைத்திருக்கிறார். புயல் நாளாக இருக்கலாம். கையில் காசில்லாத நாளாகவும் இருக்கலாம். பெரியவருக்கும் தெரியவில்லை. கிடைத்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்ட இடம்.

வாசகர்களே, உங்கள் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ இப்படிப்பட்ட நோட்டுகள் இருந்தால் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். நோட்டை அனுப்ப வேண்டாம். படம் எடுத்து அனுப்பினால் போதும். கிழிந்த இடத்தில் தயவுசெய்து செலோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை தாளைத் தின்னும். வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வையுங்கள். உங்கள் வீட்டில் யாராவது பத்திரிகைக்கு வரைந்தவர் இருந்து, வெள்ளைப் பெயிண்ட் பூசிய பழைய அட்டை ஒன்று மிஞ்சியிருந்தால், நானே பஸ் ஏறி வருகிறேன்.

நைனாவின் காலிக் கட்டங்களில் உள்ள தேதிகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். மொத்தம் பதினொன்று. அவை எங்களிடம் பத்திரமாக உள்ளன. உங்கள் கடிதங்கள் வரவர ஒத்துப்பார்ப்போம். கிளம்பும்போது பெரியவர் படகுத்துறை வரை வந்தார்.

"கெடச்சா எடுத்தாங்க சார். பசை நான் காச்சி வெக்கிறேன்."

அன்புடன்,
ஆசிரியர்