புது ரோட்டவேட்டரும் அப்பளப் பெயிண்டும்

மக்களே, அண்ணன் மகன் வாங்கிய ரோட்டவேட்டர் ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. பெயிண்ட் அப்பளமாய்ப் பெயருகிறது. “தொழியில் உழுதால் போகத்தானே செய்யும்” என்கிறார் கடைக்காரர்.

கத்தி தேயட்டும், சரி. மண்ணே படாத மேல்சட்டத்திலும் வெல்டிங் ஓரத்திலும் ஏன் உரிகிறது? உருக்காலையில் இரும்பின்மேல் படியும் கருஞ்செதிலையும் எண்ணெயையும் நீக்காமல், பிரைமரும் கொடுக்காமல், மேலே சிவப்பை அடித்தால் இதுதான் நடக்கும். (இரும்பு, நீர், காற்று: நான் நடத்திய பாடம்தானே!) களியக்காவிளையில் நமக்கு ஆண்டுக்கு இரண்டு பருவமழை, பக்கத்தில் கடலின் உப்புக்காற்று வேறு.

சிறு விவசாயிக்கு அரசு பாதி வரை மானியம் தருகிறது. மீதி பெரும்பாலும் கடன். நாளை விற்கப் போனால் துருவைக் காட்டியே விலையை அடிப்பார்கள்.

பளபளப்பில் மயங்காதீர்கள். குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் செல்லோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்டுக்கும் கியாரண்டி எழுதிக் கேளுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்கு நடங்கள்.