அக்னிவீர் முடித்து ஊர் திரும்புபவர்கள்: 4 வருட ராணுவ அனுபவத்தை ரெஸ்யூமில் எழுதுவது எப்படி?

"நாலு வருஷம் என்ன பண்ணீங்க தம்பி?"

"ஆர்மியில இருந்தேன் சார்."

பல நேர்காணல்களில் பேச்சு இதோடு நின்றுவிடும். அடுத்து, "செக்யூரிட்டி வேலை இருக்கு, பாக்குறீங்களா?" என்பார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் பல வீடுகளில் இனி கேட்கப்போகும் உரையாடல் இது.

ஏன் இப்போது?

அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14-ல் அறிவிக்கப்பட்டது. முதல் பேட்ச் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சேர்ந்தது. அவர்களின் 4 ஆண்டுகள் 2026 இறுதியில் தொடங்கி 2027 தொடக்கத்துக்குள் முடிகின்றன. அதிகபட்சம் 25% பேர்தான் படையில் தொடர முடியும். மற்றவர்கள் இருபதுகளிலேயே வேலை தேட வேண்டும்.

பழைய ஃபவுஜிகளுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

15 ஆண்டுகள் முடித்து வந்த சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு. அக்னிவீருக்குப் பென்ஷனும் இல்லை, பணிக்கொடையும் இல்லை, 'முன்னாள் படைவீரர்' என்ற அந்தஸ்தும் இல்லை. கையில் வருவது சேவா நிதி, சுமார் 11.71 லட்சம் ரூபாய். மத்திய ஆயுதப் படைகளில் 10% இடஒதுக்கீடு 2022-லேயே அறிவிக்கப்பட்டது. அதிலும் இடம் கிடைக்காதவருக்கு ரெஸ்யூம்தான் துணை.

எங்கே சறுக்குகிறது?

மொழியில்தான். 'அக்னிவீர், ஜெனரல் டியூட்டி, 4 ஆண்டுகள்' என்று ஒரே வரியில் எழுதினால் ஹெச்.ஆருக்கு ஒன்றும் புரியாது. பதவிப் பெயரைவிட, செய்த வேலையை எழுத வேண்டும். எத்தனை பேரோடு, எந்தப் பொருளை, எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டீர்கள் என்பதுதான் முக்கியம்.

ஸ்டோர் கீப்பராக இருந்தவர் 'ஸ்டோர் டியூட்டி' என்று எழுதாமல் இப்படி எழுதலாம்: 'உதிரிபாகங்களின் வரவு, செலவு, இருப்பை லெட்ஜரில் பராமரித்தேன், தணிக்கைக்குக் கணக்கு சமர்ப்பித்தேன்.' சிவிலியன் உலகம் இதைத்தான் இன்வென்ட்டரி மேனேஜ்மென்ட் என்கிறது.

டிரைவர் என்றால் வண்டியின் வகை, லைசென்ஸ், பராமரிப்பு அனுபவம். டெக்னிக்கல் பிரிவு என்றால் கையாண்ட கருவி, செய்த பழுதுபார்ப்பு. எண்கள் உண்மையாக இருக்கட்டும். நேர்காணலில் அதைத்தான் தோண்டிக் கேட்பார்கள்.

டெல்டாவில் இதற்கு வேலை உண்டா?

நெல் இருக்கும் இடத்தில் கிடங்கு, லாரி, கணக்கு மூன்றும் இருக்கும். குறுவை, சம்பா அறுவடை வந்துவிட்டால் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பங்களை எண்ணி, எடை போட்டு, ஈரப்பதம் பார்த்து, மழைக்கு முன் லாரி ஏற்ற வேண்டும். ரைஸ் மில், குடோன், உர விற்பனை, டிராக்டர் சர்வீஸ் எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்கு தேவை. ஆனால், 'என் ஸ்டோர் அனுபவம் உங்கள் குடோனுக்கு இப்படிப் பயன்படும்' என்று ரெஸ்யூம் சொல்லாவிட்டால் மில் ஓனர் தானாகக் கண்டுபிடிக்க மாட்டார்.

எதை எழுதக் கூடாது?

யூனிட் நின்ற இடம், ஆயுத விவரம், ஆபரேஷன்கள் வேண்டாம். அது ரகசியக் காப்புக்கு எதிரானது. 'வட இந்தியாவில் பணி' என்றாலே போதும். 'ஒழுக்கமானவன், கடின உழைப்பாளி' போன்ற வரிகளையும் விட்டுவிடலாம். எல்லோரும் அதையே எழுதுகிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை

பணி முடிந்ததும் தரப்படும் திறன் சான்றிதழைக் கட்டாயம் இணையுங்கள். 10-ம் வகுப்போடு சேர்ந்தவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக 12-ம் வகுப்புச் சான்று பெறலாம். இக்னோவின் அக்னிவீர் பட்டப்படிப்பில் 50% கிரெடிட் ராணுவப் பயிற்சிக்கே கிடைக்கும். படித்துக்கொண்டிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

கடைசியாக, கம்பெனிகளில் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு: 'ஆர்மி' என்ற வார்த்தையைப் பார்த்ததும் செக்யூரிட்டி பட்டியலில் போட்டுவிடாதீர்கள். "ஒரு சாதாரண நாள் உங்களுக்கு எப்படிப் போகும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ரெஸ்யூமில் விடுபட்டது அந்தப் பதிலில் வந்துவிடும்.