ராஜ்நிவாஸிலிருந்து நேரே தேர்தல் களத்துக்கா?

2024 மார்ச் 18 அன்று தெலங்கானா ஆளுநர் பதவியையும், கூடுதலாகக் கவனித்துவந்த புதுச்சேரி துணைநிலை ஆளுநர் பொறுப்பையும் தமிழிசை சௌந்தரராஜன் துறந்தார். 20ஆம் தேதி பாரதிய ஜனதா கட்சியில் மீண்டும் சேர்ந்தார். 21ஆம் தேதி தென்சென்னை மக்களவைத் தொகுதியின் வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். அந்த வாரத் தொடக்கம் வரை இரண்டு அரசுகளின் கோப்புகளில் கையெழுத்திட்ட ஒருவர், வாரம் முடிவதற்குள் ஒரு கட்சிக்காக வாக்குக் கேட்கும் நிலையில் இருந்தார். இதில் சட்டமீறல் ஏதும் இல்லை. சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது என்பதுதான் நம் கவலை. இந்த இடைவெளியை நாடாளுமன்றம் அடைக்க வேண்டும்.

புதுச்சேரி விவகாரம் பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூரில் இருப்பவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போய் நளன் குளத்தில் முழுக்குப் போடாத குடும்பம் நம் பக்கம் குறைவு. அந்தத் திருநள்ளாறு காரைக்காலில், துணைநிலை ஆளுநரின் ஆட்சிப் பரப்பில் இருக்கிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் கைவிட்ட நோயாளியை ஏற்றிக்கொண்டு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். பெண் கொடுத்தும் எடுத்தும் இருக்கிறோம். நம் உறவுக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசின் சொல் அங்கே எவ்வளவு தூரம் செல்லும் என்பது நமக்கு அந்நியமான கேள்வி அல்ல.

ரேஷன் அரிசியையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர் நியாயவிலைக் கடையில் மாதம் பிறந்தால் "அரிசி வந்துடுச்சா" என்ற கேள்வி வீடு வீடாகப் போகும். விரல்ரேகை வைத்து, எடை போட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருகிறோம். அரிசி தரம் குறைந்தால் ஊராட்சித் தலைவரிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ சண்டைக்குப் போகலாம். புதுச்சேரியில், அரிசியாகவே கொடுக்க வேண்டும் என்று முதலமைச்சர் நாராயணசாமியின் அமைச்சரவை சொன்னது. பணமாக வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நின்றார். விவகாரம் டெல்லிக்குப் போனது. ஆளுநரின் பக்கமே முடிவு வந்தது. ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. கடை ஊழியர்கள் சம்பளமின்றித் தவித்தார்கள். 2024 தீபாவளியை ஒட்டித்தான் அவை மறுபடியும் திறந்தன. பணம் நல்லதா, அரிசி நல்லதா என்பதில் இரு பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த முடிவை எடுத்தவரிடம் போய் ஒரு குடும்பத் தலைவி, "அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல முடியாது.

அந்த நாற்காலிக்கு ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். கிரண் பேடி 2015 ஜனவரியில் பாஜகவில் சேர்ந்தார். டெல்லி முதல்வர் வேட்பாளராக நிறுத்தப்பட்டு, பிப்ரவரியில் கிருஷ்ணா நகரில் தோற்றார். அடுத்த ஆண்டு மே மாதம் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர். ஆட்சிக்கும் அவருக்கும் மோதல் முற்றி, 2019 பிப்ரவரியில் முதலமைச்சரே கறுப்புச் சட்டையோடு துணைநிலை ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தார். 2021 பிப்ரவரி 16 அன்று கிரண் பேடியை மத்திய அரசே நீக்கியது. மக்களுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, பதவிக்கும் உறுதி இல்லை என்றால் அவர் பார்வை எப்போதும் டெல்லியை நோக்கியே இருக்கும்.

அடுத்து வந்தவர் தமிழிசை. அவருடைய உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. காங்கிரஸ் தலைவர் குமரி அனந்தனின் மகளாகப் பிறந்து, மருத்துவராகி, அப்பாவின் கட்சிக்கு எதிர்த்திசையில் நடந்து, தோல்வி மேல் தோல்வி கண்டும் களத்தை விடாதவர். 2014 முதல் 2019 வரை பாஜகவின் மாநிலத் தலைவர். தூத்துக்குடியில் கனிமொழியிடம் தோற்ற அதே 2019இல், செப்டம்பரில் தெலங்கானா ஆளுநரானார். 2021 பிப்ரவரி 18 அன்று புதுச்சேரியில் பொறுப்பேற்றார். அன்றைக்கே, 22ஆம் தேதி பேரவையில் பெரும்பான்மையை நிரூபிக்கும்படி முதலமைச்சருக்கு உத்தரவிட்டார்.

அந்த 22ஆம் தேதியின் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆளும் தரப்பில் பேரவைத் தலைவரையும் சேர்த்து 12 பேர். எதிர்த்தரப்பில் 14 பேர். அந்தப் பதினான்கில் 11 பேர்தான் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். மீதி மூவர் பாஜகவைச் சேர்ந்த நியமன உறுப்பினர்கள். புதுச்சேரி அமைச்சரவையைக் கேட்காமல் மத்திய அரசு நியமித்தவர்கள். அந்த நியமன அதிகாரம் செல்லும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாராயணசாமி வெளிநடப்புச் செய்தார், ஆட்சி கவிழ்ந்தது. பெரும்பான்மையைப் பேரவையில்தான் நிரூபிக்க வேண்டும் என்பது சரியான நெறி. அதன்படி தமிழிசையின் உத்தரவு முற்றிலும் முறையானதாகவே இருக்கலாம். ஆனால் உத்தரவிட்டவர் ஒன்றரை ஆண்டுக்கு முன்வரை அந்த மூவரின் கட்சிக்குத் தமிழ்நாட்டுத் தலைவர். மூன்றாண்டு கழித்து அதே கட்சியின் வேட்பாளர். இப்படி இருக்கையில், சரியான முடிவைக்கூடச் சரியானது என்று ஊர் நம்பாது. நடுவர் பதவிக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

இந்த வழியைப் பாஜக கண்டுபிடிக்கவில்லை. உத்தரப் பிரதேச ஆளுநராக இருந்த சென்னா ரெட்டி 1978இல் ஆந்திர முதல்வரானார். பின்னாளில் தமிழ்நாட்டுக்கும் ஆளுநராக வந்து ஜெயலலிதா அரசோடு மோதினார். ஆந்திர ஆளுநராக இருந்த சுஷில்குமார் ஷிண்டே 2006இல் மத்திய மின்துறை அமைச்சரானார். மகாராஷ்டிர ஆளுநர் பதவியை 2008இல் விட்ட எஸ்.எம். கிருஷ்ணா மறு ஆண்டே வெளியுறவு அமைச்சர். மூவரையும் அனுப்பியதும் அழைத்ததும் காங்கிரஸ். ஆட்சியில் இருக்கும்போது இனிக்கும் இந்த வசதி, எதிர்க்கட்சியானதும் இரு கட்சிகளுக்கும் கசக்கிறது.

மத்திய–மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் 1988லேயே வழி சொன்னது. அண்மைக்காலக் கட்சி அரசியலில் அதிகம் ஈடுபட்டவரை ஆளுநராக்கக் கூடாது. பதவி முடிந்ததும் அவர் கட்சி அரசியலுக்குத் திரும்பவோ வேறு அரசுப் பதவி ஏற்கவோ கூடாது. மறுமுறை ஆளுநர் பதவி, குடியரசுத் தலைவர், குடியரசுத் துணைத் தலைவர் பதவி ஆகியவை மட்டும் விதிவிலக்கு. அந்த வகையில், புதுச்சேரியைச் சில மாதங்கள் கூடுதலாகக் கவனித்த சி.பி. ராதாகிருஷ்ணன் 2025 செப்டம்பரில் குடியரசுத் துணைத் தலைவரானதில் குறை காண ஏதுமில்லை. மரபாக வளரட்டும் என்றுதான் ஆணையம் விட்டது. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் மரபு வளரவில்லை. இனிச் சட்டம்தான் வேண்டும்.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஓய்வுபெற்ற பின் மத்திய, மாநில அரசுகளில் வேறு பதவி ஏற்க முடியாது என்று அரசியலமைப்பின் 148ஆம் பிரிவு சொல்கிறது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத் தலைவருக்கு அதே கட்டுப்பாட்டை 319ஆம் பிரிவு வைக்கிறது. கணக்குப் பார்ப்பவரிடமும் தேர்வு நடத்துபவரிடமும் கேட்கும் ஒதுக்கத்தை, ஓர் ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கும் உத்தரவு போடுபவரிடம் கேட்கக் கூடாதா?

தேர்தலில் நிற்பது குடிமகனின் உரிமை, கொல்லைப்புறமாகப் பதவி வாங்காமல் மக்களிடம் வருவதே நேர்மை என்று சிலர் வாதிடுகிறார்கள். மதிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் போட்டியிடும் உரிமை சட்டம் தருவது, சட்டம் வைக்கும் நிபந்தனைக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை. கொஞ்ச காலம் காத்திருக்கச் சொல்கிறோம். அடுத்த வேட்பாளர் பட்டியலில் தன் பெயர் வரலாம் என்ற எண்ணமே ஒருவருக்கு இல்லாதபோதுதான், பேனாவை எடுக்கும் கை சுதந்திரமாக இருக்கும்.

ஆளுநராகவோ துணைநிலை ஆளுநராகவோ இருந்தவர், பதவியை விட்ட ஐந்தாண்டுக்கு நாடாளுமன்றத்துக்கோ சட்டப்பேரவைக்கோ போட்டியிடக் கூடாது. கட்சிப் பொறுப்பில் இருந்தவரை, அதை விட்டு ஐந்தாண்டு ஆகாமல் அந்தப் பதவிக்கு அனுப்பக் கூடாது. முதலாவதற்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும். பெரம்பலூர், சிதம்பரம் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவர வேண்டும். அடுத்து அவர்கள் சிறுவாச்சூர் பக்கம் வரும்போது, மசோதா என்ன ஆயிற்று என்று வாசகர்கள் நேரிலேயே கேளுங்கள்.